நின்ற நிலத்தின் கணக்கு

நிலத்தைப் பொறுமைக்கும் நிலைபேற்றுக்கும் உவமையாகக் கூறுவது தமிழ் மரபு. மரம் அசையும், கடல் அசையும், மனித மனமோ இவை யாவற்றினும் மிகுதியாக அசையும். இவ்வசைவுகளை அளப்பதற்கு அசையாத ஒன்று வேண்டும் எனும்போது மனிதன் தன்னையறியாமலே காலடியிலுள்ள மண்ணைச் சுட்டுகின்றான். வேலிக்குக் கதியால் நடுபவனும், கோயிலுக்கு அத்திவாரம் இடுபவனும், காணியை அளந்து எல்லைக்கல் நாட்டுபவனும் ஒரே நம்பிக்கையின்மேல் நின்றே தொழில் செய்கின்றனர். அந்நம்பிக்கை பொய்க்கும் நாட்களும் உள. புவி நடுங்கும்போது நிலம் அசைகின்றது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், நடுக்கம் ஓய்ந்தபின் நிலம் தன் பழைய இடத்துக்கே மீண்டுவிட்டதா என்னும் வினா எளிதில் எவருக்கும் எழுவதில்லை. எழுந்தாலும் அதற்கு விடை காண்பது அரிது. வீடும் வேலியும் மரமும் அளவுகோலும் அளப்பவனும் நிலத்தோடு ஒருங்கே பெயர்ந்துவிட்டால், பெயர்ந்தமைக்குச் சாட்சி கூற எஞ்சியிருப்பது யாது?

1835ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தென்னமெரிக்காவின் சிலி நாட்டைப் பெரும் புவிநடுக்கமொன்று தாக்கியது. 'பீகிள்' என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவந்த இளைஞராகிய சாள்ஸ் டார்வின் அவ்வேளை வல்டிவியா நகரையடுத்த காட்டிற் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். இரு வாரங்களுக்குள் கொன்செப்சியோன் நகரின் இடிபாடுகளையும் அவர் நேரிற் கண்டார். கப்பற்றலைவராகிய ரொபேட் பிற்ஸ்ரோய் அண்மையிலுள்ள சாந்த மரியா தீவின் கரையை ஆராய்ந்தார். முன்னர் பெருவற்றுக் காலத்திலும் அத்தீவினர் நீரில் மூழ்கி எடுத்துவந்த சிப்பிகள், இப்போது கடலுக்கு மேலே பாறையில் ஒட்டியபடியே அழுகிக் கிடந்தன. தீவு 8 முதல் 10 அடி வரை உயர்ந்துவிட்டது என்பது அளவினாற் புலனாயிற்று. நிலத்தோடு பெயராது நின்ற சாட்சி கடல்மட்டம் ஒன்றே. இறந்த சிப்பிகள் அச்சாட்சியின் எழுத்துக்கள்.

நடுக்கத்தின் போது ஏற்படும் அசைவு வேறு. நடுக்கம் ஓய்ந்தபின் எஞ்சும் பெயர்ச்சி வேறு. முன்னது ஊஞ்சலின் ஆட்டம் போன்றது, சென்றதும் மீளும். பின்னது ஊஞ்சல் கட்டிய மரமே தள்ளி நிற்பதைப் போன்றது. இதனையே ஆய்வாளர் நிலையான இடப்பெயர்ச்சி என்பர். 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நடுக்கத்தின் பின்னர் கலிபோர்ணியாவில் வேலிகளும் பாதைகளும் பிளவின் இருமருங்கும் பல மீற்றர் விலகி நின்றன. அவ்விலகல்களையும் பழைய நில அளவைகளையும் ஒப்பிட்ட ஹரி பீல்டிங் றீட், பாறை நெடுங்காலமாக வளைந்து சேமித்த இறுக்கத்தை ஒரு கணத்தில் விடுவித்துப் புதிய நிலைக்குத் தாவுகின்றது என்னும் கொள்கையை 1910இல் முன்வைத்தார். ஆகவே நிலையான இடப்பெயர்ச்சி என்பது நடுக்கத்தின் பக்கவிளைவன்று, அதுவே நிகழ்ச்சி. நடுக்கமோ அந்நிகழ்ச்சியின் ஓசை மாத்திரமே.

ஓசையைக் கேட்டு நிகழ்ச்சியை உய்த்துணரும் முயற்சியே இங்கு கூறப்படுவது. புவிநடுக்கத்தின் வன்மையான அசைவைப் பதிவதற்கென அமைந்த கருவி, தான் இருக்கும் இடத்தை அறியாது. தன் வேகத்தையும் அறியாது. தன்மீது கணத்துக்குக் கணம் செலுத்தப்படும் ஆர்முடுகலை மாத்திரமே அது அறியும். கண்ணைக் கட்டிக்கொண்டு இரவு தபால் வண்டியில் ஏறிய ஒருவனை இதற்கு ஒப்பிடலாம். வண்டி புறப்படும்போது முதுகு பின்னே சாய்கின்றது. தடுப்புப் போடும்போது உடல் முன்னே வீழ்கின்றது. சீராக ஓடும்போதோ எதுவும் தெரிவதில்லை. இத்தள்ளல்களையெல்லாம் மனத்திற் குறித்து, அவற்றைக் கூட்டி வேகத்தையும், வேகத்தைக் கூட்டித் தூரத்தையும் கணித்து, வண்டி நிற்கும்போது இது இன்ன ஊர் என்று அவன் சொல்லல் வேண்டும். கணிதத்தில் இதன் பெயர் இரட்டைத் தொகையீடு. கொள்கையளவில் இதிற் குற்றம் எதுவும் இல்லை. ஆர்முடுகலை ஒருமுறை தொகையிட வேகமும், மறுமுறை தொகையிட இடப்பெயர்ச்சியும் கிடைக்கும் என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். தொல்லை முழுவதும் நடைமுறையிலேயே உளது.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். புவியீர்ப்பின் ஆர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ 980 சதமமீற்றர். இதிற் பதினாயிரத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.1 சதமமீற்றர். கருவியின் அடிக்கோடு இவ்வளவே பிசகியதெனக் கொள்க. மயிரிழையினும் நுண்ணிய இவ்வழு பதிவில் எவர் கண்ணுக்கும் தோன்றாது. ஒருமுறை தொகையிட்டால் அது காலத்தோடு ஏறும் நேர்கோடாகும். 60 செக்கன்களின் பின் செக்கனுக்கு 6 சதமமீற்றர் வேகமாக நிற்கும். மறுமுறை தொகையிட்டால் காலத்தின் வர்க்கத்தோடு வளரும் பரவளைவாகும். அதே 60 செக்கன்களில் 180 சதமமீற்றராகி விடும். இல்லாத ஒன்றே முக்கால் மீற்றருக்கு மேற்பட்ட பெயர்ச்சியை, இல்லாத ஒரு திசையில், கணிதம் எவ்வித கூச்சமுமின்றிக் கூறும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது இவ்வழு. முதல் சிறிதே, முடிவு குடியைக் கெடுக்கும்.

அடிக்கோடு ஏன் பிசகுகின்றது? காரணங்கள் பல. வன்மையான அசைவின்போது கருவியின் உள்ளுறுப்புக்கள் தம் பழைய சமநிலைக்குச் சற்றே அப்பால் அமைந்துவிடலாம். மின்சுற்றில் நுண்ணிய விலகல் ஏற்படலாம். எல்லாவற்றினும் தந்திரமானது நிலத்தின் சாய்வு. 10 மீற்றர் நீளமான பலகையொன்றின் ஒரு முனையை 1 மில்லிமீற்றர் உயர்த்தினால் உண்டாகும் சாய்வு, மேற்கூறிய பதினாயிரத்தில் ஒரு பங்கு ஈர்ப்பைக் கருவியின் கிடைத்திசையில் புகுத்திவிடும். ஈர்ப்பால் உண்டாகும் இழுப்பையும் ஆர்முடுகலால் உண்டாகும் தள்ளலையும் ஓர் அடைத்த பெட்டிக்குள் இருப்பவன் வேறுபடுத்தி அறிய முடியாது என்பது ஐன்ஸ்ரைனின் பெருங்கண்டுபிடிப்புக்களில் ஒன்றிற்கு அடிப்படையாயிற்று. அதே உண்மை இங்கே ஆய்வாளருக்குப் பகையாக வந்து நிற்கின்றது. தண்டவாளம் ஒருபக்கம் சரிந்திருந்தால், கண்கட்டிய பயணி வண்டி பக்கவாட்டில் விரைவதாக எண்ணுவான். அவனை நொந்து பயனில்லை.

பழைய காலத்தில் இடர் இன்னும் பெரிதாயிருந்தது. 1933ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி கலிபோர்ணியாவின் லோங் பீச் நடுக்கத்திலேயே வன்மையான நில அசைவு முதன்முதலாகக் கருவியிற் பதிவாயிற்று. 1940இல் எல் சென்றோவிற் கிடைத்த பதிவு உலகெங்கும் பொறியியல் மாணவரின் பாடமாயிற்று. அக்காலக் கருவிகள் ஒளிக்கதிரால் தாளிலோ படச்சுருளிலோ எழுதின. அவை எப்போதும் விழித்திருக்கவில்லை. நடுக்கம் தட்டியெழுப்பிய பின்னரே எழுதத் தொடங்கின. ஆதலால் முதற்கணங்கள் தவறிப்போயின. எழுதத் தொடங்கியபோது நிலம் எவ்வேகத்தில் இருந்தது என்பதும் தெரியாது போயிற்று. பின்னர் அவ்வளையிகளை மனிதர் கண்ணாலும் கையாலும் புள்ளி புள்ளியாக எண்ணாக்கினர். சுருள் சற்றே நெளிந்திருந்தாலும், எண்ணாக்குபவர் கை சற்றே பிசகினாலும் அவை யாவும் மெல்லிய நீண்ட அலையாகிப் பதிவிற் கலந்தன.

இவ்விடரினின்றும் தப்புவதற்கு அறிஞர் கைக்கொண்ட வழி வடிகட்டல். மெதுவாக மாறும் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டு, விரைந்து அதிரும் பகுதியை மாத்திரம் வைத்துக்கொள்வது அதன் இயல்பு. வழு மெதுவாக மாறுவது. ஆதலால் வடிகட்டலில் வழு அகன்றது. ஆனால் நிலையான இடப்பெயர்ச்சி எல்லாவற்றிலும் மெதுவானது. சென்றது மீளாமல் நிற்பது. அதுவும் உடன் அகன்றது. வடிகட்டிய பதிவைத் தொகையிட்டால் நிலம் எப்போதும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். களை பிடுங்கப் போனவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கி, வயல் துப்புரவாயிற்று என்று மகிழ்ந்தமை போன்றது இது. எனினும் அவர்களைக் குறைகூறல் தகாது. அக்கருவிகளைக் கொண்டு அதற்கு மேற்பட்ட உண்மையைச் சொல்ல முயன்றிருந்தால் அவர்கள் சொன்னது பெரும்பாலும் பொய்யாகவே இருந்திருக்கும். தெரியாததைச் சொல்லாதொழிந்தமையும் ஒரு நேர்மையே.

எண்முறைக் கருவிகள் வந்தபின் நிலைமை மாறிற்று. அவை இடையறாது விழித்திருந்து, நடுக்கம் வருமுன் கழிந்த சில செக்கன்களையும் நினைவில் வைத்தன. இப்போது ஆய்வாளரிடம் உறுதியான செய்திகள் இரண்டு சேர்ந்தன. ஒன்று, நடுக்கத்துக்கு முன்னர் நிலம் நின்றது. மற்றொன்று, நடுக்கத்துக்குப் பின்னரும் நிலம் நின்றது. குழந்தைக்கும் தெரிந்த இவ்விரண்டு உண்மைகளின்மேலேயே முழு முறையும் எழுப்பப்பட்டது. 1979இல் சோவியத் நாட்டு ஆய்வாளர் கிரேசரும், 1985இல் கலிபோர்ணியா தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஐவன், மோசர், பெங் ஆகிய மூவரும் இவ்வழியில் முறைகளை வகுத்து வெளியிட்டனர்.

மூவரின் முறை பின்வருமாறு. முதலில், அமைதியாயிருந்த முற்பகுதியின் சராசரி முழுப் பதிவிலிருந்தும் கழிக்கப்படும். பின்னர் ஒருமுறை தொகையிட்டு வேக வளையி வரையப்படும். நடுக்கம் ஓய்ந்தபின் வேகம் பூச்சியமாதல் வேண்டும். ஏனெனில், நிலம் எங்கும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் வளையியின் வால் பூச்சியத்தில் நில்லாது சாய்கோடாக ஏறியோ இறங்கியோ செல்லும். அச்சாய்வு நிலத்தினுடையதன்று, கருவியினுடையது. அதனை அளந்தால் அடிக்கோடு இறுதியில் எவ்வளவு பிசகி நின்றது என்பது தெரிந்துவிடும். ஆனால் அப்பிசகு எப்போது புகுந்தது? வன்மையான அசைவு தொடங்கியபோதா, உச்சத்திலா, ஓயும் தறுவாயிலா? ஒருமுறை புகுந்ததா, பலமுறை சிறிது சிறிதாகச் சேர்ந்ததா? பதிவு இதனைச் சொல்லாது. ஆய்வுகூடத்தில் ஒரு வகைக் கருவியைச் சோதித்த அம்மூவர், ஆர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு 50 சதமமீற்றரைக் கடக்கும்போதே பிசகு உண்டாவதைக் கண்டனர். ஆதலின், அவ்வெல்லை முதன்முதல் கடக்கப்படும் நேரத்திலிருந்து இறுதியாகக் கடக்கப்படும் நேரம் வரை ஒரு சராசரித் திருத்தமும், அதன்பின் மற்றொரு திருத்தமும் செய்யலாம் என்றனர்.

முறை வெளிவந்த அவ்வாண்டிலேயே மெக்சிக்கோவின் பசிபிக் கரையை ஒரு பெருநடுக்கம் தாக்கியது. 1985 செப்ரெம்பர் 19ஆம் திகதி நிகழ்ந்த அந்நடுக்கத்தில், கரையோரத்தில் நிறுவப்பட்டிருந்த எண்முறைக் கருவிகளின் பதிவுகளை இருமுறை தொகையிட்டு நிலையான இடப்பெயர்ச்சியை மதிப்பிட்டனர். அதே கரையில் அலைக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட பாறைகளில் வாழ்ந்த உயிரினங்கள் நீரெட்டாது மடிந்து, நிலம் ஒரு மீற்றர் வரை உயர்ந்தமையைக் காட்டின. டார்வின் காலத்துச் சிப்பிகள் சாட்சி கூறி 150 ஆண்டுகள் கழிந்திருந்தன. இம்முறை அவற்றின் அருகே ஓர் இரும்புப் பெட்டியும் நின்று சாட்சி கூறிற்று.

ஆயினும் இம்முறையின் வலிமையும் வறுமையும் ஒருங்கே வெளிப்பட்ட களம் தாய்வான். அங்கு 1990களில் மத்திய வானிலைப் பணியகம் அறுநூற்றுக்கு மேற்பட்ட எண்முறைப் பதிகருவிகளைத் தீவெங்கும் நிறுவியிருந்தது. 1999 செப்ரெம்பர் 21ஆம் திகதி அதிகாலை 1.47 மணிக்கு சிசி என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு 7.6 அளவான நடுக்கம் எழுந்தது. 2,400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். செலுங்பு என்னும் பிளவு பல பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளிப்பட்டது. வூபெங் என்னுமிடத்திற் பாடசாலையொன்றின் ஓட்டப்பாதை இடையில் மேடாக எழுந்து நின்றது; அது இன்று நடுக்கத்தின் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றது. டாஜியா ஆற்றின் குறுக்கே நின்ற ஷிகாங் அணையின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிட ஏழு மீற்றருக்கு மேல் உயர்ந்து அணை முறிந்தது. நேற்று வரை சமதளமாக ஓடிய ஆற்றில் ஒரே இரவில் நீர்வீழ்ச்சி தோன்றியது.

பிளவின் வடமுனைக்கு அருகிலிருந்த ஒரு நிலையத்துக்குத் தொகுதியிலே 'ரி.சி.யு. 068' என்று பெயர். அதன் பதிவு இன்றும் உலகெங்குமுள்ள ஆய்வாளர் மேசைகளில் விரிக்கப்படுகின்றது. அந்நிலையத்தில் நிலத்தின் வேகம் செக்கனுக்கு இரண்டரை மீற்றரைக் கடந்தது. தொகையிட்டுத் திருத்தினால் நிலையம் பல மீற்றர் வடமேற்காகப் பெயர்ந்து, மேலும் உயர்ந்து நின்றமை தெரியவரும். செய்மதிகளின் துணையால் முன்னும் பின்னும் செய்யப்பட்ட அளவைகளும் அப்பகுதி எட்டு, ஒன்பது மீற்றரளவு நகர்ந்ததைக் காட்டின. அத்துணைப் பெரிய பெயர்ச்சியைக் கருவி தன் பதிவுக்குள் மறைத்து வைத்திருந்தது வியத்தற்குரியது. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த டேவிட் பூர் தாய்வான் பதிவுகள் சிலவற்றை எடுத்துப் பல்வேறு வகையாகத் திருத்திப் பார்த்து, முடிவுகளை 2001இல் வெளியிட்டார். திருத்தத்தின் நேரத்தை மாற்ற மாற்ற இறுதி இடப்பெயர்ச்சியும் பெரிதும் மாறுவதை அவர் எடுத்துக் காட்டினார். இது நிகழும் வகையை எளிதில் உணரலாம். வழுவால் விளைந்த வேகம் செக்கனுக்கு 10 சதமமீற்றர் எனின், அது 10 செக்கன் முன்னர் புகுந்ததா பின்னர் புகுந்ததா என்னும் ஐயம் ஒன்றே விடையில் ஒரு மீற்றர் வேறுபாட்டை உண்டாக்கிவிடும். ஒவ்வொரு விடையிலும் வேகம் முடிவிற் பூச்சியமாகவே இருக்கும். ஒவ்வொரு வளையியும் பார்வைக்கு நேர்த்தியாகவே தோன்றும். ஆனால் உண்மையானது ஒன்றே.

இவ்விடத்திலேதான் ஆய்வாளரின் மனச்சான்று சோதனைக்குள்ளாகின்றது. அவர் மேசையில் ஒருபுறம் பதிவு. மறுபுறம் செய்மதி அளவை. இவ்வளவு இடப்பெயர்ச்சி என்னும் விடை முன்னரே தெரியும். நேரத்தைச் சற்றே முன்னே நகர்த்தினால் விடை நெருங்குகின்றது. இன்னும் சிறிது நகர்த்தினால் பொருந்தியே விடுகின்றது. பொருந்தியதைக் காணும்போது மனத்தில் எழும் மகிழ்ச்சி உண்மையைக் கண்ட மகிழ்ச்சியைப் போலவே இருக்கும். ஆனால் அவர் எதனையும் அளக்கவில்லை; தெரிந்த விடையைப் பதிவின் வாயில் ஊட்டி, அதனையே திரும்பச் சொல்லுவித்திருக்கின்றார். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வழியை எழுதும் மாணவனுக்கும் அவருக்கும் வேறுபாடு சிறிது. செய்மதி அளவை வழியைச் சோதிக்கும் உரைகல்லாகலாம். வழியைத் தேர்ந்தெடுக்கும் கையாகலாகாது. விடையைப் பாராமல் முறையை முதலில் வகுத்து, அதனை எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே வகையாகப் பிரயோகித்து, அதன்பின்னரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். பொருந்தாதவற்றையும் வெளியிடல் வேண்டும். ஒரே எண்ணைக் கூறாது, இன்னது முதல் இன்னது வரை என்று எல்லை கூறல் வேண்டும். இவை வறண்ட விதிகளாகத் தோன்றினும், இவற்றைக் கைவிட்ட கணத்திலேயே அளவீடு அலங்காரமாகிவிடும்.

இவ்வளவு தொல்லைப்படுவானேன் என்று கேட்போர் உளர். அவர் கேள்வியில் நியாயமும் உண்டு. அடிக்கோட்டுத் திருத்தங்களால் இறுதி இடப்பெயர்ச்சி எவ்வளவு மாறினாலும், ஏறத்தாழ 20 செக்கனுக்குக் குறைந்த ஆவர்த்தன காலங்களில் கட்டடங்களின் துலங்கல் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதையும் பூரின் அதே ஆய்வு காட்டியது. வீடுகளும் மாடிகளும் அதனிலும் விரைந்து அசைபவை. நிலம் முழுவதும் மெல்லப் பெயரும்போது கட்டடமும் உடன் பெயர்ந்து சுகமாகவே நிற்கும். ஆதலால் சாதாரணக் கட்டடத்தை வரையும் பொறியியலாளர் வடிகட்டிய பதிவோடு அமைதியடையலாம். ஆனால் பிளவைக் குறுக்கறுத்துச் செல்லும் பாலத்துக்கும் குழாய்க்கும் சுரங்கவழிக்கும் இவ்வமைதி இல்லை. ஷிகாங் அணையே அதற்குச் சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்படுக்கையில் நிகழும் நிலையான இடப்பெயர்ச்சி இருக்கின்றது. கடலை எழுப்பிக் கரைக்கு அனுப்புவது நடுக்கத்தின் அதிர்வன்று. படுக்கை உயர்ந்து அவ்வாறே நின்றுவிடுவதுதான். வடிகட்டலில் வீசியெறியப்படும் பகுதியே ஆழிப்பேரலையின் தாய்.

இலங்கையில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை 7 மணியளவில் சுமாத்திராவின் மேற்கே கடலடிப் பிளவு வாய் திறந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட அப்பிளவு முழுமையாக அறுந்து முடியப் பல நிமிடங்கள் சென்றன. 15 நிமிடங்களின் பின் பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் விடுத்த முதற் செய்தியில் நடுக்கத்தின் அளவு 8.0 என்றிருந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் 8.5 என்று திருத்தப்பட்டது. 9 என்னும் எண்ணை அணுகப் பல மணித்தியாலங்கள் வேண்டியிருந்தன. அதற்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவான காலத்தில், கடல் கிழக்குக் கரையை அடைந்துவிட்டது. முல்லைத்தீவிலும் கல்முனையிலும் காலியிலும் நிகழ்ந்தவை ஊரறியும். இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கே அன்று இருக்கவில்லை. சரியான எண் உடனே கிடைத்திருந்தாலும் கரைக்கு அதனைக் கொண்டுசெல்ல வாய் இருக்கவில்லை. எனினும் அந்த எண் தாழ்ந்திருந்தமைக்கும் காரணம் உண்டு. விரைந்த அதிர்வுகளைக் கொண்டு அளந்த முறை, மெதுவாக நீண்ட பெருநிகழ்ச்சியின் ஓசையைக் கேட்டதேயன்றி அதன் பருமையைக் காணவில்லை.

கண்டியையடுத்த பல்லேகலையில் உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்த புவிநடுக்க நிலையம் ஒன்றுண்டு. நடுக்க மையத்திலிருந்து ஆயிரத்தறுநூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த அந்நிலையத்தில் அன்று நிலம் 9 சதமமீற்றருக்கு மேல் எழுந்து தாழ்ந்தது. அலை மிக மெதுவானதாதலின் மலைநாட்டிலே தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் பலர் அதனை உணர்ந்திரார். எழுந்து தாழ்ந்த நிலம் தன் இடத்துக்கு மீண்டது. சுமாத்திராவையடுத்த சிமெலுவே தீவின் ஒரு முனையோ ஒன்றரை மீற்றரளவு உயர்ந்து மீளாது நின்றது. அங்கு பவளப்பாறைகள் நீருக்கு மேலே வெளிறி மடிந்தன. பெரிய நிக்கோபாரின் தென்முனையிலுள்ள வெளிச்சவீடு நான்கு மீற்றரளவு தாழ்ந்தது. மீண்ட நிலத்துக்கும் மீளாத நிலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே அன்று கடலாக எழுந்து வந்தது.

கருவிகள் குறைந்தமையால் நேர்ந்தது அது என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. உலகிலேயே செறிவான கருவி வலையைக் கொண்ட யப்பானில் 2011 மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு நடுக்கம் எழுந்தது. 3 நிமிடங்களில், வியக்கத்தக்க விரைவுடன், எச்சரிக்கை வெளியாயிற்று. அதற்கு அடிப்படையான அளவு 7.9, மியாகியில் 6 மீற்றர் அலையும் இவாத்தேயிலும் புகுசிமாவிலும் 3 மீற்றர் அலையும் எதிர்பார்க்கப்பட்டன. உண்மையான அளவு 9.0. ஒசிக்காத் தீபகற்பம் 5.3 மீற்றர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து, 1.2 மீற்றர் தாழ்ந்து நின்றது. எச்சரிக்கை 3.14 மணிக்கு உயர்த்தப்பட்டதெனினும், மின்சாரம் அற்றுப்போன பல ஊர்களுக்கு அது எட்டவில்லை. சில இடங்களில் நீர் ஏறத்தாழ 40 மீற்றர் உயரம் வரை ஏறிற்று. இறந்தோரும் காணாமற் போனோரும் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்டனர். 3 மீற்றர் என்று கேட்டு, தம்மூர் அலைத்தடுப்புச் சுவர் அதனினும் உயர்ந்தது என்றெண்ணி இருந்துவிட்டோரும் அவர்களில் அடங்குவர். தாழ்ந்த எண் மௌனத்திலும் கொடிது. மௌனம் அச்சத்தையாவது விட்டுவைக்கும். தாழ்ந்த எண்ணோ தைரியம் கூறி இருத்திவிடும்.

இவ்விரு துயரங்களின் பின் ஆய்வு நிலையான இடப்பெயர்ச்சியை நோக்கித் திரும்பியது. செய்மதி நிலையங்களின் நிலையான பெயர்ச்சியைக் கொண்டு 2004ஆம் ஆண்டு நடுக்கத்தின் உண்மையளவை 15 நிமிடங்களுக்குள் அறிந்திருக்கலாம் என்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வாளரின் கண்ணையும் கையையும் நம்பாமல் கணனியே அடிக்கோட்டைத் திருத்தும் முறைகள் 2011ஐ அடுத்து வெளிவந்தன. ஒரே இடத்தில் ஆர்முடுகற் கருவியையும் செய்மதி வாங்கியையும் நிறுவி, இரண்டின் செய்திகளையும் கணத்துக்குக் கணம் கலந்து நோக்கும் முறையும் வளர்ந்தது. முன்னது விரைவை அறியும், இடத்தை அறியாது. பின்னது இடத்தை அறியும், நுண்ணிய அதிர்வை அறியாது. கண்கட்டிய பயணியின் அருகே யன்னலோரத்தில் ஒருவர் அமர்ந்து, ஊர்ப்பெயரை இடையிடையே சொல்லி வருவது போன்றது இது.

யப்பானியர் செய்த மற்றொரு மாற்றம் கருவியைச் சார்ந்ததன்று, சொல்லைச் சார்ந்தது. 2013 முதல், நடுக்கம் மிகப் பெரிதாயிருக்கக் கூடுமென்றும் அளவை உடனே நம்புவதற்கில்லை என்றும் தோன்றினால், முதல் எச்சரிக்கையில் அலையின் உயரத்தை மீற்றரிற் கூறுவதில்லை. மிகப் பெரியது என்னும் சொல்லே அறிவிக்கப்படும். எண்ணிலே தேர்ந்த ஒரு சமூகம், எண்ணைச் சொல்லாதிருக்க வேண்டிய வேளை இன்னதென்று கற்றுக்கொண்டது. படச்சுருள் காலத்து அறிஞர் தாம் அறியாததை வடிகட்டி விலக்கியதும் இதுவும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும், இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் நீக்கியபோது அங்கு ஒன்றும் இல்லாதது போலத் தோன்றிற்று. இங்கோ அறியாமையே பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிடப்படுகின்றது.

நடுக்கத்தின் பதிவு முன்னே விரிந்திருக்க, அதன் வாலை நேர்கோட்டுடன் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் உலகில் இன்று எத்தனையோ பேர். அவர்களிடம் உறுதியாக உள்ளவை நிலம் முன்னரும் நின்றது, பின்னரும் நின்றது என்னும் இரண்டே. இடையில் நிகழ்ந்ததை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவும் வேண்டும். விடை தெரிந்த பழைய பதிவுகளில் இப்பழக்கத்தைக் கைக்கொண்டவரே, விடை தெரியாத முதல் மூன்று நிமிடங்களில் நம்பத்தக்கவராவர். அம்மூன்று நிமிடங்களில் செய்மதி அளவையை ஒப்பிட்டுச் சரிபார்க்க அவகாசமிராது, சிப்பிகள் இறந்திரா, பவளமும் வெளிறியிராது. கடல் மாத்திரம் புறப்பட்டிருக்கும்.